நாலு பேர் அறை

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
தாயில்பட்டி யூனிட்
13.7.2024

பெறுநர்: திரு. அ. நவ்ஷாத், டெஸ்பாட்ச் கிளார்க், விருதுநகர் கிட்டங்கி.

பொருள்: விளக்கம் கோருதல்.

ஐயா,

தாங்கள் 11.7.2024 அன்று 'விருதுநகர் வாயாடி' என்னும் தங்கள் முகநூல் பக்கத்தில் நமது தாயில்பட்டி யூனிட்டின் உட்புறப் படத்தை வெளியிட்டு, 'நாலு பேர் உட்காரவேண்டிய அறையில் பதினாலு பேர்' என்று எழுதியிருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் கைப்பேசி கொண்டு சென்றதற்கும், நிர்வாகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்கும் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவேண்டும். அதுவரை தாங்கள் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறீர்கள்.

இப்படிக்கு,
மெகருன்னிசா
டைம் ஆபீஸ் பொறுப்பாளர்

*

(அதே உறைக்குள்)
சிவகாசி
13.7.2024

தம்பி நவ்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் கடிதம் ஆரம்பிக்கக் கூடாது என்று நம்மை வளர்த்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். உன் மேல் சாந்தி உண்டாகட்டும் என்று மனதார வேண்டுகிற நிலைமையில் நான் இன்றைக்கு இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு? மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறாயா, இல்லை அதையும் பேஸ்புக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறாயா?

மேலே இருக்கிற மெமோவை டைப் செய்து கையெழுத்துப் போட்டவளும் நான்தான், இதை எழுதுகிறவளும் நான்தான். அதில் உன்னை 'ஐயா' என்று கூப்பிட்டிருக்கிறேன். இங்கே கூப்பிட மாட்டேன். கழுதை.

ஏன் போனில் பேசவில்லை என்று கேட்பாய். பேசினால் ரெக்கார்டு செய்வாய், வாட்ஸாப்பில் எழுதினால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பாய். அப்புறம் முப்பத்தோராயிரம் பேர் உட்கார்ந்து படிப்பார்கள். மெமோவைத் தபாலில்தான் அனுப்பவேண்டும் என்பது சட்டம். அதே உறைக்குள் இதையும் வைத்து ஒட்டிவிட்டேன்.

எந்தக் கடை எண்ணெய்ப் புரோட்டா மொறுமொறுவென்று இருக்கும், ரயில்வே கேட் எத்தனை நிமிஷம் மூடிக் கிடந்தது என்று எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் உன் பக்கத்தை நானும்தான் பார்த்துச் சிரித்தேன். லைக்கும் போட்டேன். பக்ரீதுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனவன், அடுத்த மாசமே என் சோற்றில் மண்ணைப் போடுவாய் என்று யார் கண்டது?

லோடு ஏற்ற லாரியோடு வந்தவன் கேட்டில் ஒரு போனைப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றைப் பனியனுக்குள் ஒளித்து எடுத்துப் போயிருக்கிறாய். பட்டாசுக்கான மணிமருந்து காய்கிற இடத்துக்கு! போர்மேன் பாண்டி விஷயம் தெரிந்ததும் என் ஜன்னலுக்கு ஓடி வந்து கத்தினார். ஊருக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆள் செய்கிற காரியமா இது?

முதலாளி அண்ணாச்சி என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். சீனிவாசகம் அண்ணாச்சி சத்தம் போட்டால் பயமில்லை, சத்தம் போடாமல் பேசினால்தான் பயம். சத்தம் போடவில்லை. "ஏம்மா மெகரு, தம்பிக்கு ஒரு வேலை குடுங்கன்னு வந்து நின்னது நீதான? அவன் வாய நீ அடைக்கியா, இல்ல ரெண்டு பேருமா சேந்து வீட்டுக்குப் போறீகளா?" என்றார். மச்சானுக்கு முதுகு ஆபரேஷன் ஆனபின் கடை கிடையாது. மகள் தஹ்மீனா பிளஸ் டூ. என் ஒருத்தி சம்பளத்தில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல.

அந்தப் பதிவை எடுத்துவிடு. மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுது. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

வஸ்ஸலாம்.
மெகருன்னிசா

*

விருதுநகர்
20.7.2024

மதிப்பிற்குரிய டைம் ஆபீஸ் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் மெமோ கிடைத்தது. விளக்கம் வருமாறு: படத்தில் இருப்பவர்களை எண்ணிப் பார்க்கவும். பதினாலு வருகிறது. ஆகவே பதினாலு என்று எழுதினேன். பதின்மூன்று வந்திருந்தால் பதின்மூன்று என்று எழுதியிருப்பேன்.

உண்மையுள்ள,
அ. நவ்ஷாத்

இனிமேல் வருவது அக்காவுக்கு.

வ அலைக்கும் ஸலாம். அம்மாவுக்கு நூற்று அறுபது. மாத்திரை நேரத்துக்குப் போகிறது. வேலைதான் இல்லையே, மாத்திரை கொடுப்பதைத் தவிர எனக்கு வேறென்ன ஜோலி? மச்சானுக்கு முதுகு எப்படி இருக்கிறது? தஹ்மீனாவை நான் விசாரித்ததாகச் சொல். அவளாவது என்னைப் பிளாக் செய்யாமல் இருக்கிறாளே.

போன் கொண்டு போனது தப்பு. ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் எழுதியது தப்பில்லை. என் பக்கம், என் போன், என் லீவு நாள். கம்பெனி பெயரை நான் எழுதவே இல்லை. கிட்டங்கியில் அட்டைப்பெட்டி எண்ணுவதற்குத்தான் அண்ணாச்சி சம்பளம் தருகிறார். என் வாய்க்கும் சேர்த்துத் தருவதாக எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்த அறையை நீயும் தினம் பார்க்கிறாய் அல்லவா? பூச்சட்டிக்குள் மருந்தை அடைத்துக் கிட்டிக்கிறவர்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுப் பக்கம் இருந்தவரைத் தாண்டாமல் உள்ளே இருக்கிற யாரும் வெளியே ஓட முடியாது. நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைச் சொன்னேன். நீ பதினோரு வருஷமாகப் பார்க்கிறாய். அங்கே எண்ணிக்கையே தெரியாதவள் மாதிரி எனக்கு மெமோ எழுதுகிறாய். என் அக்கா எண்ணத் தெரியாதவள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

பதிவை எடுக்க மாட்டேன். இதுவரை நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

துஆ செய்.
நவ்ஷாத்

*

சிவகாசி
2.8.2024

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மச்சானும் தஹ்மீனாவும் நலம். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் புண்ணியம்.

கம்பெனி பெயரை எழுதவில்லையாம்! உன் பக்கத்தின் முகப்பில் என்ன படம் வைத்திருக்கிறாய் என்று போய்ப் பார். போன ஆயுத பூஜைக்குக் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் கம்பெனி முத்திரையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். 'பணி' என்ற இடத்தில் கம்பெனி பெயரை நீயே போட்டிருக்கிறாய். சம்பளம் வாங்குகிறபோது கம்பெனி ஆள், எழுதுகிறபோது மட்டும் தனி ஆள். நல்ல நியாயம்தான். நீ எழுதிய மறுநாள் நாக்பூர் பார்ட்டி ஆர்டரை நிறுத்தி வைத்தது. அந்த ஆர்டரை நம்பியிருந்தவர்கள் அதே பதினாலு பேர்தான் தம்பி. அவர்களிடம் கேட்டுவிட்டா அவர்கள் முகத்தை ஊர் முழுக்கக் காட்டினாய்?

நீ எண்ணிக்கையைப் பற்றி எழுதியிருந்த பத்திக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் பதிவைப் பார்த்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் அறைக்கு நாலு பேர் இருந்தார்கள். எட்டாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. சீசனில் வேறெப்படி ஆகும்? ஆனால் ஒன்று மட்டும் பழையபடி ஆகவில்லை. தினம் காலை எட்டரைக்குள் அறைப் பதிவேட்டை முடித்து, ஒவ்வொரு அறைக்கும் நாலு பெயர் எழுதி, அடியில் கோடு போட்டு, படம் எடுத்து அண்ணாச்சி போனுக்கு அனுப்பவேண்டும். அதற்குப் பிறகு ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது. இது நீ வாங்கிக் கொடுத்த உத்தரவு. இதனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அண்ணாச்சி உனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நீ எழுதவேண்டியதை நானே எழுதித் தருகிறேன்: 'நான் வெளியிட்ட படம் பழையது. எங்கள் கம்பெனியைச் சேர்ந்ததல்ல. சரிபார்க்காமல் வெளியிட்டதற்கு வருந்துகிறேன்.' அப்படியே போட்டால் திங்கட்கிழமை கிட்டங்கிக்கு வரலாம்.

அம்மாவுக்கு நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா? பக்கத்து வீட்டு பர்ஹத் சொன்னாள். நீ எனக்கு எழுதவில்லை.

வஸ்ஸலாம்.
மெகருன்னிசா

*

விருதுநகர்
9.8.2024

அக்காவுக்கு,

ஸலாம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது மாடிப்படி ஏறியதால். இப்போது ஏற விடுவதில்லை.

பனியன் படத்தை எடுத்துவிட்டேன். 'பணி' என்ற இடத்தில் இருந்த பெயரையும் எடுத்துவிட்டேன். அது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் முகத்தை மறைக்காமல் போட்டதும் தப்பு. நேற்று மறைத்துவிட்டேன்.

ஆனால் நீ எழுதிக்கொடுத்த மன்னிப்பு இருக்கிறதே, அதைப் படித்தபின் மதியம் சாப்பிடத் தோன்றவில்லை. பொய்யைக்கூட எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாய்! ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கை பழகிவிட்டது போலிருக்கிறது.

உன் கடிதத்தில் நீ மறைத்த விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அறைக்கு நாலு பெயர் என்று பதிவேட்டில் எழுதுவது யார் கை? பாண்டியா? அண்ணாச்சியா? இல்லை. தாயில்பட்டி யூனிட்டில் பேனா பிடிக்கிற ஒரே ஆள் நீதான். உள்ளே பதினாலு பேர் இருக்கிறபோது நாலு பேர் என்று பதினோரு வருஷமாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் என் அக்கா. நான் அண்ணாச்சியை எதிர்த்து எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உன்னை எதிர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அதற்காக எடுத்துவிடுவேன் என்று நினைக்காதே. முன்னைவிட இப்போதுதான் கோபம் அதிகம். மீதிப் பத்துப் பேர் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? செத்தால் யார் சொல்வார்கள் அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று?

தஹ்மீனாவுக்கு இதெல்லாம் தெரியுமா?

நவ்ஷாத்

*

சிவகாசி
18.9.2024

நவ்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் இதயத்துக்குச் சோதனை செய்ததைத் தஹ்மீனா சொன்னாள். பயமில்லை என்றார்களாம், அல்ஹம்துலில்லாஹ். நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

இதனோடு உன் டிஸ்மிஸ் ஆர்டரும் இருக்கிறது. நான்தான் டைப் செய்தேன்.

நாற்பது நாள் உனக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். தஹ்மீனாவை இழுத்தாயே, அந்த வரிக்காக. இப்போது எழுதுவது சமாதானத்துக்காக அல்ல. நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியவேண்டும்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். ஆனால் எப்படி எழுதுவேன் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு அறைக்கும் காலையில் மூன்று பெயர்தான் எழுதுவேன். நாலாவது வரியைக் காலியாக விட்டுவிடுவேன். சாயங்காலம் சங்கு ஊதி, எல்லாரும் கைகால் கழுவி வேனில் ஏறியபின்தான் அந்த வரியை நிரப்புவேன். அன்றைக்கு யாருக்காவது கை சுட்டிருந்தால், கண்ணில் மருந்து தெறித்திருந்தால், அந்த ஆளின் பெயர் நாலாவது வரியில் ஏறும். ஏறினால் ஆஸ்பத்திரி உண்டு, சம்பளத்தோடு லீவு உண்டு. அண்ணாச்சிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம் ஒரு பெண்ணுக்குக் கண் போனதைப் பார்த்தபின் நானாகச் செய்த ஏற்பாடு. பதினோரு வருஷத்தில் இருபத்தாறு பேர் அந்த வரியில் ஏறியிருக்கிறார்கள்.

எட்டரை மணி உத்தரவு வந்ததிலிருந்து நாலாவது வரி கிடையாது. நீ லைக் எண்ணிக்கொண்டிருந்தபோது இங்கே அதுதான் நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் அறையில் கிட்டிக்கும்போது உராய்வில் ஒரு பூச்சட்டி பற்றிக்கொண்டது. மாரிக்கண்ணன் அதைத் தூக்கி வெளியே எறிந்தார். மற்ற பதின்மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. அவருக்கு வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. நீ எடுத்த படத்தில் கதவுப் பக்கம் இருக்கிறாரே, அவர்தான்.

வெள்ளிக்கிழமை கட்டோடு வந்து என் ஜன்னலில் நின்றார். "யம்மா, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில காகிதம் கேக்காக. எம்பேரு அன்னைக்கு இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றார். அண்ணாச்சி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தேன். "அன்னைக்கு நீங்க வேலைக்கு வரலையே அண்ணே" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "வரலையா?" என்று திருப்பிக் கேட்டார். "அப்ப இந்தக் கை எங்கன வெந்துச்சும்மா?" என்று அதைத் தூக்கிக் காட்டினார்.

அன்றைக்கு அவர் வேலைக்கு வரவில்லை என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நீ சொன்ன மாதிரிச் சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

நீ உண்மையை எழுதினாய். நான் பொய்யை எழுதினேன். என் பொய்யில் இருபத்தாறு பேருக்கு வைத்தியம் நடந்தது. உன் உண்மையில் ஒருத்தருக்கு அது இல்லாமல் போனது. இதையும் போய் எழுது. எத்தனை பேர் பகிர்கிறார்கள் பார்ப்போம்.

மெகருன்னிசா

*

விருதுநகர்
23.9.2024

அக்கா,

ஸலாம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா "யாருட்டருந்துலே?" என்று கேட்டார்கள். மின்சார ஆபீஸ் என்று பொய் சொன்னேன். எனக்கும் அது கொஞ்சம் வருகிறது.

நாலாவது வரி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொன்னால் அது பொய். எழுதியிருப்பேன், வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படு. இருபத்தாறு பேருக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்கிறாய். அவர்களைச் சுட்டதே அந்த அறைதான். அந்த அறையைப் பதினோரு வருஷம் காப்பாற்றியதும் உன் பேனாதான். ஒரு வரியைத் தானம் கொடுத்துவிட்டுப் பத்து வரியை விழுங்கியிருக்கிறாய்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. நேற்று பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். நீ எழுதிக்கொடுத்த மன்னிப்பை அப்படியே போடுகிறேன், பதிலுக்கு மாரிக்கண்ணன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள் என்றேன். "இப்பதாம்ப்பா ஒனக்குப் புத்தி வந்திருக்கு. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். காப்பி கொடுத்தார். குடித்தேன்.

மச்சான் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நவ்ஷாத்

*

சிவகாசி
30.9.2024

நவ்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யாரைக் கேட்டு அண்ணாச்சியிடம் போனாய்? யார் உன்னைப் பேரம் பேசச் சொன்னது? இரண்டு மாசம் என்னைப் பொய்க்காரி என்று திட்டியவன், ஒரு காப்பிக்கு என் பொய்யையே எடுத்துக்கொண்டு போய் நின்றாயே. நான் பொய் எழுதினால் என் வயிற்றுக்கு. நீ எழுதினால் எதற்கு? இத்தனை நாள் கத்தியதெல்லாம் வெறும் சத்தமா?

அண்ணாச்சி யோசிக்கத் தேவையில்லாமல் நானே முடித்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். நாலு பெயருக்குக் கீழே கோடு போட்டு மூடியிருந்தது. கோட்டுக்குக் கீழே 5 என்று போட்டு மாரிக்கண்ணன் என்று எழுதினேன். கை நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. 6, 7 என்று பதினாலு வரைக்கும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஜெராக்ஸ் எடுத்து, நான் முன்பு கொடுத்த காகிதம் பொய் என்று ஒரு கடிதமும் வைத்து, ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாரிக்கண்ணனுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு மதியமே எனக்கு மெமோ. டைம் ஆபீசில் டைப் செய்ய வேறு ஆள் கிடையாது என்பதால் அதையும் நானே டைப் செய்தேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மச்சானிடம் சொல்லிவிட்டேன். தஹ்மீனா சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள்.

இதைப் படித்ததும் உன் விரல் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். இதைப் பற்றி உன் பக்கத்தில் ஒரு வரி வரக் கூடாது. நான் உனக்குச் செய்தி கொடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸ் வந்தால் முதலில் என்னைத்தான் கூட்டிப்போவார்கள், அண்ணாச்சியை அல்ல. அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

வஸ்ஸலாம்.
மெகருன்னிசா

*

விருதுநகர்
15.10.2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம். உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சீசன் வேலை, தீபாவளி முடிந்ததும் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதினைந்து நாளாக நான் எதுவும் எழுதவில்லை. புரோட்டாவைப் பற்றிக்கூட எழுதவில்லை. 'வாயாடி செத்துட்டானா?' என்று கேட்கிறார்கள்.

முந்தாநாள் மாரிக்கண்ணன் என்னைத் தேடி வந்தார். தாயில்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஈ.எஸ்.ஐ. ஆபீசில் விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்த ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். "தம்பி, மொதல்ல எங்கள கேக்காமப் போட்டீரு. இப்ப நானே கேக்கேன், போடும். எம்பேரப் போடும், எங்கையப் படம் எடுத்துப் போடும். காகிதம் மட்டும் போனா மேசையில கெடக்கும். நாலு பேரு பாத்தாத்தான் நகரும்" என்றார். கையையும் அந்த ஜெராக்ஸையும் படம் எடுத்தேன். முகத்தை மறைக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? நான் என்ன களவாணியா?" என்றார்.

நேற்று அண்ணாச்சி ஆள் வந்தது. தீபாவளி முடிகிற வரை நான் வாயைத் திறக்காமல் இருந்தால் உன் நாற்காலி அப்படியே இருக்குமாம். திறந்தால் பொய்ப் பதிவேடு எழுதியதாக உன் மேல் கம்பெனியே புகார் கொடுக்குமாம்.

அந்த ஜெராக்ஸில் பதினாலு பெயருக்குப் பக்கத்தில் இருப்பது உன் கையெழுத்து. அதை மறைத்துப் போட்டால் அது வெறும் காகிதம். மறைக்காமல் போட்டால் நீ மாட்டிக்கொள்வாய்.

ஜூலையில் யாரையும் கேட்காமல் போட்டேன். இப்போது கேட்கிறேன். என்னைத் திட்டு, என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் போடவா, வேண்டாமா என்று ஒரு பதில் எழுது. உன் பதில் வருகிற வரை போட மாட்டேன். 'வேண்டாம்' என்று எழுதினாலும் உன்னை நான் குறை சொல்லமாட்டேன். மாரிக்கண்ணனுக்கு என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

நவ்ஷாத்

*

சிவகாசி
18.10.2024

தம்பி நவ்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்பு பரவாயில்லை. மாத்திரை போடுகிறேன். அம்மாவைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க விடாதே.

நாற்காலியை வைத்து என்னை விலை பேச அண்ணாச்சிக்கு உரிமை இருக்கிறது, அது அவர் நாற்காலி. அந்தப் பேச்சை என்னிடம் தூக்கிக்கொண்டு வர உனக்கு என்ன உரிமை? 'குறை சொல்லமாட்டேன்' என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதுகிறாய். மூக்கை உடைப்பேன்.

போடு.

மாரிக்கண்ணன் சொன்ன மாதிரியே போடு. உன் வியாக்கியானம் வேண்டாம், வாயாடி முத்திரை வேண்டாம், உன் மூஞ்சி வேண்டவே வேண்டாம். அவர் கை, அந்தப் பதிவேட்டுப் பக்கம், இரண்டு மட்டும் போதும். என் கையெழுத்தை மறைக்காதே. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அண்ணாச்சி புகார் கொடுக்கிற வரை காத்திருக்காமல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குத் தபாலில் போகும்.

ஒரே ஒரு நிபந்தனை. நான் யார் என்று எழுதும்போது 'என் அக்கா' என்று எழுதாதே. அக்கா என்றால் ஊரே பரிதாபப்படும், தம்பிக்காகச் செய்தாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். உனக்காக நான் எதுவும் செய்யவில்லை. பதினோரு வருஷம் நாலு பேர் என்று எழுதியவள் என்று எழுது.

வஸ்ஸலாம்.
மெகருன்னிசா